கடற்சாமந்தி நஞ்சும் நோயெதிர்ப்பு உயிரணுக்களும்

கடற்சாமந்தி என்பது கடலடிப் பாறைகளிலும் பவளத்திட்டுகளிலும் ஒட்டி வாழும், பூப்போன்ற தோற்றமுடைய விலங்கு ஆகும். இரையை முடக்கவும் தன்னைக் காத்துக்கொள்ளவும் அது பல புரதப் பொருள்கள் கலந்த நஞ்சை உருவாக்குகிறது. கடல் விலங்குகளின் வேதிப்பொருள்கள் மனித நோயெதிர்ப்பு உயிரணுக்களை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை விளங்கிக்கொள்ள இந்த நஞ்சு நல்ல எடுத்துக்காட்டு. 1902ஆம் ஆண்டு இந்நஞ்சைக் கொண்டு நடந்த ஆய்வு, நோயெதிர்ப்பு அமைப்பு உடலையே கொல்லக்கூடும் என்பதைக் காட்டியது. 1995இல் கரிபியக் கடலின் ஒரு கடற்சாமந்தியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சிறு நஞ்சு, உடலைத் தாக்கும் நோயெதிர்ப்பு உயிரணுக்களை மட்டும் அடக்க முடியுமா என்ற ஆய்வுக்கு வழி திறந்தது.

கடற்சாமந்தியும் அதன் நஞ்சும்

கடற்சாமந்தி பெயரளவில்தான் பூ. அது சொறிமுட்டை எனப்படும் ஜெல்லி மீன், பவளம், ஹைட்ரா ஆகியவற்றைப் போலக் குழியுடலிகள் தொகுதியைச் சேர்ந்த விலங்கு. அதற்கு மூளையோ எலும்போ ஓடோ இல்லை; வேகமாக ஓடவும் இயலாது. ஆகவே தற்காப்புக்கும் உணவுக்கும் அது பெரிதும் நஞ்சையே நம்பியிருக்கிறது.

வாயைச் சுற்றியுள்ள உணர்நீட்சிகளில் ஆயிரக்கணக்கான கொட்டும் உயிரணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றின் உள்ளேயும் சுருட்டி வைக்கப்பட்ட நுண்ணிய குழல் கொண்ட பை ஒன்று இருக்கும். சிறு மீனோ இறாலோ உரசியதும் அந்தக் குழல் வெடித்து வெளியேறி, இரையின் உடலைத் துளைத்து நஞ்சைச் செலுத்துகிறது. விலங்குலகில் அறியப்பட்ட மிக விரைவான அசைவுகளில் இதுவும் ஒன்று.

நஞ்சில் உள்ள பொருள்களின் வேலை ஒன்றல்ல. சில உயிரணுச் சவ்வில் ஓட்டை போடுகின்றன. சில நரம்பு உயிரணுக்களின் சோடியம் வாய்க்கால்களை மூடவிடாமல் செய்கின்றன. வேறு சில பொட்டாசியம் வாய்க்கால்களை அடைக்கின்றன. எல்லாம் சேர்ந்து இரையின் நரம்புகளைக் குழப்பி அதைச் செயலிழக்க வைக்கின்றன. மனித நோயெதிர்ப்பு உயிரணுக்களைத் தாக்க வேண்டும் என்ற தேவை கடற்சாமந்திக்குக் கிடையாது. ஆனால் மீனின் நரம்பில் உள்ளதைப் போன்ற வாய்க்கால்கள் மனித இரத்த வெள்ளையணுக்களிலும் இருப்பதால், அந்த நஞ்சு அங்கும் பொருந்திவிடுகிறது.

1902: காப்பைத் தேடிய ஆய்வு

1901ஆம் ஆண்டு மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பர்ட் தம் ஆய்வுக் கப்பலில் அட்லாண்டிக் கடற்பயணம் மேற்கொண்டபோது, பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் சார்லஸ் ரிஷேவும் பால் போர்ட்டியேயும் உடன் சென்றனர். கடல்மேல் மிதக்கும் பைசாலியா என்ற கொட்டும் விலங்கின் நஞ்சை ஆராய்வது அவர்களுடைய வேலையாக இருந்தது. பாரிசுக்குத் திரும்பியபின் பைசாலியா கிடைக்கவில்லை. எனவே கடற்கரையில் எளிதாகக் கிடைத்த கடற்சாமந்தியின் நஞ்சைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தனர்.

பாஸ்டரின் தடுப்பூசி ஆய்வுகள் பெரும் நம்பிக்கை அளித்திருந்த காலம் அது. சிறிதளவு நஞ்சை முதலில் கொடுத்தால், பிறகு வரும் நஞ்சை உடல் தாங்கிக்கொள்ளும் என்று அவர்கள் எதிர்பார்த்தனர். நெப்டியூன் என்ற நாய்க்குச் சிறிதளவு நஞ்சு செலுத்தப்பட்டது. அது நலமாகவே இருந்தது. சுமார் மூன்று வாரங்கள் கழித்து மீண்டும் சிறிதளவு நஞ்சு செலுத்தப்பட்டது. சில நொடிகளிலேயே நாய் மூச்சுத் திணறி, நிற்க முடியாமல் விழுந்து, 25 நிமிடங்களில் இறந்தது.

முதல் ஊசி காப்பைத் தரவில்லை. மாறாக, உடலை ஆபத்தான நிலைக்குத் தயார் செய்திருந்தது. காப்பு என்று பொருள்படும் சொல்லுக்கு எதிரான பொருளில் ரிஷே இதற்கு ‘அனாபிலாக்சிஸ்’ என்று பெயரிட்டார். இக்கண்டுபிடிப்புக்காக 1913இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நாயின் உடலில் நடந்தது என்ன என்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே விளங்கியது. வெளிப்பொருள் முதன்முறை நுழையும்போது சில உடல்களில் பி உயிரணுக்கள் ‘ஐஜிஇ’ என்ற வகைப் பிறபொருளெதிரியை உருவாக்குகின்றன. இந்த வகையை 1966இல் ஜப்பானிய அறிவியலாளர்களான இஷிசாகா தம்பதியர் அடையாளம் கண்டனர். ஐஜிஇ மூலக்கூறுகள் தோலிலும் மூச்சுக்குழலிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் உயிரணுக்களின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அதே பொருள் மறுமுறை வந்து அவற்றைத் தொட்டதும், மாஸ்ட் உயிரணுக்கள் தம்முள் சேர்த்து வைத்திருக்கும் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் வீழ்கிறது, மூச்சுக்குழல் சுருங்குகிறது.

இங்கே கொல்வது நஞ்சின் நேரடி வலிமை அன்று. அந்த அளவு நஞ்சு, புதிதாகப் பெறும் நாயைக் கொல்லாது. நோயெதிர்ப்பு உயிரணுக்களின் மிகையான விடையே கொல்கிறது. இறால், நண்டு உண்டதும் சிலருக்கு உதடு வீங்கித் தடிப்பு ஏறுவதும் இதே வழியில்தான். அவற்றின் தசையிலுள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம் சமைத்தாலும் எளிதில் சிதையாது. ஒவ்வாமை உள்ளவரின் மாஸ்ட் உயிரணுக்களை அது தூண்டிவிடுகிறது. இத்தகைய கடும் நிலையில் அட்ரினலின் ஊசியே முதல் மருந்து.

டி உயிரணு விழித்தெழும் விதம்

கடற்சாமந்தி நஞ்சின் இரண்டாம் கதை மாஸ்ட் உயிரணுவை விட்டு டி உயிரணுவுக்குச் செல்கிறது. அதற்கு முன் டி உயிரணு எவ்வாறு செயல்படத் தொடங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டி உயிரணு இரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை. பகைப்பொருளின் துண்டு ஒன்றை வேறோர் உயிரணு எடுத்துக் காட்டும்போது, அதற்குப் பொருத்தமான ஏற்பியைக் கொண்ட டி உயிரணு அதை அடையாளம் காண்கிறது. உடனே டி உயிரணுவின் உள்ளே சேமிக்கப்பட்டிருந்த கால்சியம் வெளிப்படுகிறது. சேமிப்புக் குறைந்ததை உணர்ந்து, வெளிச்சவ்வில் உள்ள கால்சியம் வாய்க்கால்கள் திறக்கின்றன. வெளியிலிருந்து கால்சியம் தொடர்ந்து உள்ளே பாய்கிறது. இந்தப் பாய்ச்சல் நீடித்தால்தான் உயிரணுக் கருவில் உள்ள மரபணுக்கள் இயங்கத் தொடங்கும். டி உயிரணு பெருகும். சைட்டோகைன் எனப்படும் செய்திப் பொருள்களைச் சுரக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கால்சியம் அயனி நேர்மின்னூட்டம் உடையது. டி உயிரணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 50 முதல் 60 மில்லிவோல்ட்டு எதிர்மின் நிலையில் இருப்பதால்தான் கால்சியம் உள்ளே ஈர்க்கப்படுகிறது. கால்சியம் சேரச் சேர உட்புறத்தின் எதிர்மின் நிலை குறைந்துகொண்டே வரும். அப்படியே விட்டால் சிறிது நேரத்தில் ஈர்ப்புத் தளர்ந்து கால்சியம் வருவது குறைந்துவிடும்.

இதைச் சரிசெய்ய உயிரணு பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. நேர்மின்னூட்டம் கொண்ட பொட்டாசியம் வெளியே போகப் போக உட்புறம் மீண்டும் எதிர்மின் நிலையை அடைகிறது. பேருந்தில் பின்வாசல் வழியே பயணிகள் இறங்கினால்தான் முன்வாசல் வழியே புதியவர்கள் ஏற முடியும் என்பதைப் போன்றது இது. கால்சியம் ஏறும் முன்வாசல் திறந்திருக்க வேண்டுமானால், பொட்டாசியம் இறங்கும் பின்வாசல் அடைபடக் கூடாது.

மனித டி உயிரணுவில் இத்தகைய பொட்டாசியம் வாய்க்கால் இருப்பதை 1984இல் அமெரிக்காவின் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் டிகோர்சி, ஜார்ஜ் சாண்டி, சுதிர் குப்தா, கஹாலன் ஆகியோர் ஒரு குழு. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மேட்டிசன், டாய்ச் ஆகியோர் மற்றொரு குழு. இந்த வாய்க்கால் பின்னர் கேவி1.3 என்று பெயர் பெற்றது. அதை அடைத்தால் டி உயிரணு பெருகுவது குறையும் என்பதும் தெரியவந்தது. ஆனால் அன்று கையில் இருந்த அடைப்புப் பொருள்கள் பல வாய்க்கால்களை ஒருசேரத் தாக்குபவையாக இருந்தன. குறி தவறாத ஒன்று தேவைப்பட்டது.

எஸ்எச்கே என்னும் சிறு நஞ்சு

கரிபியக் கடலின் ஆழமற்ற பகுதிகளில் ஸ்டைக்கோடாக்டைலா ஹீலியாந்தஸ் என்ற கடற்சாமந்தி வாழ்கிறது. ஹீலியாந்தஸ் என்பது சூரியகாந்தியைக் குறிக்கும் சொல். இதே பேரினத்தைச் சேர்ந்த ஸ்டைக்கோடாக்டைலா ஹட்டோனி மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பகுதிகளில் காணப்படுகிறது. கோமாளி மீன்கள் அடைக்கலம் புகும் கடற்சாமந்திகளில் அதுவும் ஒன்று.

கியூபாவின் ஓல்கா காஸ்டனேடாவும் சுவீடன், பிரிட்டன் முதலிய நாடுகளின் அறிவியலாளர்களும் கரிபியக் கடற்சாமந்தியிலிருந்து ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்து 1995இல் அதன் அமைப்பை வெளியிட்டனர். விலங்கின் அறிவியற்பெயரின் முதலெழுத்துகளையும் பொட்டாசியத்தின் குறியீட்டையும் சேர்த்து அதற்கு எஸ்எச்கே என்று பெயரிடப்பட்டது. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. எஸ்எச்கேயில் இருப்பவை 35 மட்டுமே. மூன்று கந்தகப் பிணைப்புகள் அதை இறுக்கி முடிச்சிட்டு வைத்திருக்கின்றன. அதனால் அதன் வடிவம் எளிதில் குலைவதில்லை.

இந்த வடிவமே அதன் வேலைக்குக் காரணம். கேவி1.3 வாய்க்கால் நான்கு ஒத்த புரதங்கள் வட்டமாகக் கூடி நடுவில் ஒரு துளையை விட்டு அமைந்தது. எஸ்எச்கே அந்தத் துளையின் வெளிவாயில் வந்து அமர்கிறது. அதன் 22ஆம் இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் நேர்மின்னூட்ட முனை, பொட்டாசியம் செல்லும் துளைக்குள் நேராக நுழைந்து தக்கையைப் போல அடைத்துவிடுகிறது. பைக்கோமோலார் எனப்படும் மிகக் குறைந்த செறிவிலேயே இது நிகழ்கிறது.

பொட்டாசியம் வெளியேறும் வழி அடைபட்டதும் உயிரணுவின் உட்புற எதிர்மின் நிலை குறைகிறது. கால்சியம் வரத்துத் தளர்கிறது. மரபணுக்களை இயக்கும் செய்தி கருவைச் சென்றடைவதில்லை. டி உயிரணு சாவதில்லை. எச்சரிக்கையைக் கேட்டும் எழ முடியாமல் அமைதியாக இருந்துவிடுகிறது. நஞ்சு அகன்றதும் அதன் ஆற்றல் திரும்பிவிடும்.

எந்த டி உயிரணு அடங்குகிறது?

எல்லா டி உயிரணுக்களும் அடங்கிவிட்டால் இது ஆபத்தான பொருளாகவே இருக்கும். இதன் சிறப்பு, எல்லா டி உயிரணுக்களும் கேவி1.3 வாய்க்காலை ஒரே அளவில் நம்பியிருக்கவில்லை என்பதில் உள்ளது.

டி உயிரணுக்களை அவற்றின் அனுபவத்தைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம். பகைப்பொருளை இன்னும் சந்திக்காதவை புதிய உயிரணுக்கள். ஒருமுறை சந்தித்து, நினைவுடன் நிணநீர்க் கணுக்களைச் சுற்றி வருபவை மைய நினைவு உயிரணுக்கள். பலமுறை சந்தித்து, நேராகத் தோல், மூட்டு, நரம்பு போன்ற திசுக்களுக்குள் சென்று தாக்கக்கூடியவை செயல்படு நினைவு உயிரணுக்கள்.

தூண்டப்படாத நிலையில் மூன்று வகையிலும் ஓர் உயிரணுவுக்கு 200 முதல் 300 கேவி1.3 வாய்க்கால்களே உள்ளன. தூண்டப்பட்டதும் வேறுபாடு வெளிப்படுகிறது. புதிய உயிரணுவும் மைய நினைவு உயிரணுவும் கேசிஏ3.1 என்ற வேறொரு பொட்டாசியம் வாய்க்காலைச் சுமார் 500 அளவுக்குப் பெருக்கிக்கொள்கின்றன. செயல்படு நினைவு உயிரணுவோ கேவி1.3 வாய்க்காலையே சுமார் 1,500 அளவுக்குப் பெருக்குகிறது. வுல்ஃப், சாண்டி முதலியோரின் குழு 2003இல் இதை வெளியிட்டது.

எஸ்எச்கே கேவி1.3ஐ அடைத்தால் முதல் இரு வகைகளும் மற்ற வாய்க்காலைப் பயன்படுத்திச் சமாளித்துக்கொள்ளும். செயல்படு நினைவு உயிரணுவுக்கு மாற்றுவழி இல்லை, அது அடங்கிவிடும்.

தன்னுடல் தாக்குநோய்களில் இந்த வேறுபாட்டுக்குப் பெரும் மதிப்பு உண்டு. தண்டுவட மரப்பு நோய், முதல் வகை நீரிழிவு, முடக்கு வாதம் ஆகியவற்றில் நோயாளியின் டி உயிரணுக்கள் அவருடைய சொந்தத் திசுக்களையே பகைப்பொருளாகக் கருதித் தாக்குகின்றன. அந்தத் திசு எப்போதும் கண்முன் இருப்பதால், இந்த உயிரணுக்கள் மீண்டும் மீண்டும் தூண்டப்படுகின்றன. அவ்வாறு பலமுறை தூண்டப்பட்டவை செயல்படு நினைவு உயிரணுக்களாகின்றன. இந்நோயாளிகளிடமிருந்து எடுத்த, சொந்தத் திசுவைத் தாக்கும் டி உயிரணுக்களில் கேவி1.3 மிகுந்திருப்பதைக் கிறிஸ்டின் பீட்டனும் பிறரும் 2006இல் காட்டினர்.

இப்போதுள்ள மருந்துகளுடன் ஒப்பிட்டால் இதன் முக்கியத்துவம் புரியும். பூஞ்சையிலிருந்து பெறப்பட்ட சைக்ளோஸ்போரின் என்ற மருந்தும் கால்சியச் செய்தி கருவைச் சேர்வதையே தடுக்கிறது. ஆனால் அது பொதுவழியைத் தடுப்பதால் புதிய உயிரணு, நினைவு உயிரணு என்ற வேறுபாடின்றி எல்லாவற்றையும் அடக்குகிறது. ஸ்டீராய்டு மருந்துகளின் வீச்சு இன்னும் பரந்தது. இவற்றை நெடுநாள் உட்கொள்ளும் நோயாளி, தன்னுடல் தாக்குதலிலிருந்து விடுபடும் அதே நேரத்தில் தொற்றுகளுக்கு எளிதில் ஆளாகிறார். காசநோய் போன்ற தொற்றுகள் பரவலாக உள்ள நாடுகளில் இது சிறிய விலையன்று.

விலங்கு ஆய்வுகள்

எலிகளில் செயற்கையாக உண்டாக்கப்பட்ட தண்டுவட மரப்பு போன்ற நோயை எஸ்எச்கே தணித்தது என்பது 2001இல் வெளியானது. பின்னர் மூட்டு அழற்சிக்கான எலி மாதிரியிலும் நல்ல பலன் கிடைத்தது.

2008இல் வெளியான ஓர் ஆய்வில், உயிருள்ள எலியின் திசுவுக்குள் ஒளிரும் செயல்படு நினைவு உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தனர். அழற்சி ஏற்பட்ட இடத்தில் அவை வேகமாக நகர்ந்து பெருகின. கேவி1.3 தடுக்கப்பட்டதும் நகர்வு நின்றது. அதே மருந்தைப் பெற்ற எலிகள் இன்ஃப்ளூயன்சா வைரசையும் கிளமிடியா பாக்டீரியாவையும் வழக்கம்போல் எதிர்த்து அகற்றின. குறிப்பிட்ட உயிரணுக்களை மட்டும் அடக்கிப் பொதுவான காப்பை விட்டுவைக்க முடியும் என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

எனினும் செயல்படு நினைவு உயிரணுக்களுக்கும் நல்ல வேலை உண்டு. முன்பு வந்த கிருமி மீண்டும் தோல், குடல், நுரையீரல் வழியே நுழையும்போது விரைந்து தடுப்பவற்றுள் அவையும் அடங்கும். ஆகவே அவற்றை அடக்குவது முற்றிலும் இழப்பற்ற செயல் ஆகாது.

நஞ்சு மருந்தாக மாற எதிர்கொண்ட தடை

இயற்கையான எஸ்எச்கே கேவி1.3ஐ மட்டும் அடைப்பதில்லை. நரம்பு உயிரணுக்களில் உள்ள கேவி1.1 என்ற வாய்க்காலையும் ஏறக்குறைய அதே வலிமையோடு அடைக்கிறது. கடற்சாமந்தியின் நோக்கில் இரையின் நரம்பைத் தாக்குவதே தேவை. நோயாளிக்கோ அது கேடு.

எனவே ஆய்வாளர்கள் பெப்டைடின் ஒரு முனையில் சிறிய வேதித்தொகுதி ஒன்றை இணைத்தனர். இந்த மாற்றத்தால் அது கேவி1.1ஐவிடக் கேவி1.3ஐச் சுமார் நூறு மடங்கு விரும்பிப் பிணைந்தது. இவ்வழியில் உருவான எஸ்எச்கே-186 என்ற வடிவம் டலாசடைடு என்று பெயர் பெற்றது.

35 அமினோ அமிலங்களே உள்ளதால் இதை ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுக்க முடிகிறது. ஒவ்வொரு முறையும் கடலிலிருந்து விலங்கைப் பிடிக்க வேண்டியதில்லை. இயற்கை கொடுத்தது வடிவத்தை. அந்த வடிவம் தெரிந்தபின் கடற்சாமந்தியை அதன் இடத்திலேயே விட்டுவிடலாம்.

மனிதரில் சோதனை

காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸ் நோயில் தோலில் செதில் செதிலாகப் படைகள் தோன்றுகின்றன. அங்கே செயல்படு நினைவு டி உயிரணுக்கள் மிகுந்திருப்பதாலும், பலன் கண்ணுக்குத் தெரிவதாலும் டலாசடைடு முதலில் இந்நோயில் சோதிக்கப்பட்டது. 2017இல் வெளியான முதற்கட்டச் சோதனையில் 24 நோயாளிகள் பங்கேற்றனர். வாரம் இருமுறை வீதம் நான்கு வாரங்களுக்குத் தோலுக்கடியில் ஊசி போடப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மருந்தில்லாப் போலி ஊசி கொடுக்கப்பட்டது. 60 மைக்ரோகிராம் பெற்ற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நோயின் அளவெண் குறைந்தது.

பக்கவிளைவாகக் கை, கால், வாயைச் சுற்றிய பகுதிகளில் மதமதப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் பலருக்கு ஏற்பட்டன. அவை இலேசானவை, தற்காலிகமானவை.

24 பேரிடம் நான்கு வாரம் நடந்த சோதனையைக் கொண்டு ஒரு மருந்தின் நம்பகத்தன்மையை முடிவு செய்ய இயலாது. டலாசடைடு இன்னும் ஒப்புதல் பெற்ற மருந்தாக விற்பனைக்கு வரவில்லை. பெப்டைடுகள் வாய்வழி உட்கொண்டால் செரித்துப்போவதும் ஒரு தடை. இதற்குத் தீர்வாக, எஸ்எச்கேயின் ஒரு வடிவத்தைச் சுரக்குமாறு மாற்றப்பட்ட லாக்டோபேசிலஸ் பாக்டீரியாவை மூட்டு அழற்சி உள்ள எலிகளுக்கு வாய்வழி கொடுத்து ஆராய்ந்துள்ளனர்.

ஒட்டுண்ணிப் புழுக்களிடமும் இதே உத்தி

எஸ்எச்கேயின் முடிச்சு வடிவம் கடற்சாமந்திக்கு மட்டும் உரியதன்று. ஒட்டுண்ணிப் புழுக்களின் பல புரதங்களிலும் இவ்வடிவம் உள்ளது. நாய்களின் குடலில் வாழும் கொக்கிப்புழு, மனிதருக்கு யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களில் ஒன்றான புருகியா மலாயி ஆகியவற்றின் பெப்டைடுகள் கேவி1.3ஐ அடைத்துச் செயல்படு நினைவு உயிரணுக்களை அடக்குகின்றன என்று 2014இல் கண்டறியப்பட்டது.

யானைக்கால் புழு மனித உடலில் பல ஆண்டுகள் அழியாமல் வாழக்கூடியது. நோயெதிர்ப்பு உயிரணுக்களை அமைதிப்படுத்துவது அதற்கு உதவக்கூடிய உத்தி. கடற்சாமந்தி இரையின் நரம்பை அடைக்கப் பயன்படுத்தும் அதே வடிவத்தைப் புழு தன் இருப்பிடத்தைக் காக்கப் பயன்படுத்துவதாகக் கருதலாம். மனித உடலிலும் எம்எம்பி23 என்ற புரதத்தின் ஒரு பகுதி இவ்வடிவில் அமைந்து சில பொட்டாசியம் வாய்க்கால்களைத் தடுக்கிறது.

பிற கடல் விலங்குப் பொருள்கள்

கடல் விலங்குகளின் பொருள்கள் எல்லாம் நோயெதிர்ப்பு உயிரணுக்களை ஒரே திசையில் இயக்குவதில்லை என்பதைப் பின்வரும் மூன்று எடுத்துக்காட்டுகள் காட்டும்.

கடற்பஞ்சுப் பொருள்: ஜப்பானின் ஒகினாவா கடலில் எடுத்த அகெலாஸ் என்ற கடற்பஞ்சின் கொழுப்புப்பொருளைப் பின்பற்றி ஆல்ஃபா-கேலக்டோசில்செரமைடு உருவாக்கப்பட்டது. அது என்கேடி எனப்படும் அரிய வகை உயிரணுக்களைத் தூண்டுகிறது என்பது 1997இல் தெரியவந்தது. தூண்டப்பட்ட சில மணி நேரத்தில் அவை பெருமளவு சைட்டோகைன்களைச் சுரக்கின்றன. ஆனால் மீண்டும் மீண்டும் கொடுத்தால் அதே உயிரணுக்கள் சோர்ந்து பதிலளிக்காமல் போகின்றன.

துளைச் சிப்பி விலங்கின் நீலக் குருதி: கலிபோர்னியக் கடலோரத்தில் வாழும் மெகாதுரா என்ற ஓட்டுடலியின் குருதியில் செம்பு கொண்ட ஹீமோசயனின் புரதம் உள்ளது. அது மனித உடலுக்கு மிகப் பெரியதும் முற்றிலும் அயலானதுமான மூலக்கூறு. அதனால் டி உயிரணுக்களும் பி உயிரணுக்களும் வலுவாக எழுகின்றன. தடுப்பூசி ஆய்வுகளில் சிறிய மூலக்கூறுகளை இதனுடன் இணைத்துக் கொடுக்கின்றனர். ஒருவரின் நோயெதிர்ப்பு விடையை அளக்கவும் இது பயன்படுகிறது.

கடற்குடுவைப் பொருள்: கரிபியக் கடலின் எக்டினாசிடியா என்ற கடற்குடுவையிலிருந்து அறியப்பட்ட டிராபெக்டெடின், தசை, கொழுப்பு முதலிய மென்திசுக்களில் தோன்றும் புற்றுக்கு 2007இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. அது புற்றணுவைத் தாக்குவதோடு, புற்றுக்கட்டிக்குத் துணைபோகும் மேக்ரோஃபேஜ் உயிரணுக்களையும் அழிக்கிறது. உண்மையில் இப்பொருளை உருவாக்குவது அந்த விலங்கினுள் வாழும் பாக்டீரியா என்று பின்னர் கண்டறியப்பட்டது.

ஒன்று தூண்டுகிறது, ஒன்று அயற்பொருளாக நின்று எழுப்புகிறது, ஒன்று கொல்கிறது, எஸ்எச்கே அமைதிப்படுத்துகிறது.

பரவலான தவறான கருத்துகள்

“கடல்பொருள் நோயெதிர்ப்பு ஆற்றலைப் பெருக்கும்” என்ற விளம்பரத் தொடர் பொதுவாகக் கேட்கப்படுவது. நோயெதிர்ப்பு அமைப்பு என்பது திருகிக் கூட்டவோ குறைக்கவோ கூடிய ஒரே குமிழ் அன்று. பல வகை உயிரணுக்கள் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் இயங்கும் அமைப்பு அது. முடக்கு வாதம் அல்லது காளாஞ்சகப்படை உள்ளவருக்குத் தாக்கும் உயிரணுக்கள் பெருகுவது நன்மையன்று, கேடு. எந்த உயிரணு, எந்த வாயில், எந்த அளவு என்பவற்றுக்கு விடை சொல்லாத பொருளை மருந்தென்று கொள்ள முடியாது. மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு இத்தகைய பொருள்களை நாடுவது ஆபத்தானது.

“சிறிது சிறிதாக நஞ்சைப் பழக்கினால் உடல் தாங்கும்” என்பது மற்றொரு கருத்து. குதிரைகளுக்குச் சிறிதளவு பாம்பு நஞ்சைச் செலுத்தி நஞ்சுமுறி மருந்து பெறப்படுவது உண்மையே. ஆனால் எந்த வகைப் பிறபொருளெதிரி உருவாகும் என்பதைப் பொறுத்தே காப்போ கேடோ அமையும். நெப்டியூனுக்கு நேர்ந்தது அதற்குச் சான்று. கடலில் ஒருமுறை கொட்டுப்பட்டு ஒன்றும் ஆகாதவர், மறுமுறையும் ஒன்றும் ஆகாது என்று எண்ணிக் கொட்டும் விலங்குகளைக் கையால் தொடக் கூடாது. கொட்டுப்பட்டபின் மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

“விலங்கில் உள்ள மருந்தை, அந்த விலங்கை உண்டே பெறலாம்” என்பதும் சரியன்று. எஸ்எச்கே போன்ற பெப்டைடு குடலில் செரித்துவிடும். உடன் உள்ள பிற நஞ்சுகளோ தீங்கு செய்யும். 35 அமினோ அமிலங்களில் தேவையான ஒரு பண்பைக் காத்து, தேவையற்ற மற்றொன்றை நீக்க ஆய்வாளர்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின. கடற்சாமந்தியின் நஞ்சுக்கும் நோயாளிக்கான மருந்துக்கும் இடையே உள்ள தொலைவு அந்த உழைப்பே ஆகும்.